பழைய கணினிப் பாடநூல்களைப் படிப்பது எப்படி: நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நெல்லைப் பக்கம் பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் பாடப்புத்தகத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: லோக்கல் ஆத்தர், ஃபாரின் ஆத்தர். லோக்கல் ஆத்தர் என்றால் 2 மார்க், 13 மார்க் என்று அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஃபாரின் ஆத்தர் என்றால் சிலபஸின் அடியில் பெயர் மட்டும் இருக்கும்; புத்தகம் நூலக அலமாரியில் தூசி படிந்து நிற்கும். பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் மெட்டீரியல் கிடைக்கிறபோது 1978-இல் வந்த புத்தகத்தை எவன் தொடுவான்?

தொட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு உதாரணம் போதும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் லட்சக்கணக்கான வரிசை உள்ள டேபிளில் தேடுகிறீர்கள், ஆமை வேகத்தில் வருகிறது. இன்டெக்ஸ் போட்டதும் பறக்கிறது. அந்த இன்டெக்ஸுக்குள் இருப்பது, தேட வசதியாகத் தகவலைக் கிளை கிளையாக அடுக்கி வைக்கும் பி-ட்ரீ. போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த பேயர், மெக்ரைட் என்ற இருவர் 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. டொனால்ட் கனூத் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற தன் நூல்வரிசையில் 1973-இல் வெளியிட்ட மூன்றாம் தொகுதியிலேயே அதைப் பாடமாக எழுதிவிட்டார். டேட்டாபேஸின் பெயர் மாறியது, அதை இயக்கும் இயந்திரம் எத்தனையோ மடங்கு வேகமானது, பி-ட்ரீ மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீங்கள் முதலாண்டில் கற்ற பிரேம்வொர்க்குக்கு இறுதியாண்டில் ஆளில்லாமல் போகலாம். இதற்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் இந்தப் புத்தகங்களைத் தவறான வழியில் படித்தால் இருபது பக்கத்திலேயே அலுத்துவிடும். அப்படி அலுத்துப்போகாமல் இருக்கத்தான் கீழே உள்ள படிகள்.

1. பரீட்சையைத் தனியாக ஒதுக்குங்கள்

பரீட்சைக்கு மெட்டீரியலையே படியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அரியர் விழுந்தால் யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை. பழைய பாடநூலைப் பரீட்சை நேரத்தில் திறக்கவே வேண்டாம். செமஸ்டர் தொடங்கிய முதல் இரண்டு மாதமும், பரீட்சை முடிந்த விடுமுறையும்தான் அதற்கான காலம்.

2. ஒன்றே ஒன்றை எடுங்கள்

பத்துப் புத்தகத்தின் பிடிஎஃப்-ஐ இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பது படிப்பு ஆகாது. உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சி மொழியில் ஓரளவு புரோகிராம் எழுதத் தெரியும் என்றால், கெர்னிஹானும் ரிச்சியும் எழுதிய ‘தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்’. ரிச்சிதான் சி மொழியை உருவாக்கியவர். 300 பக்கத்துக்கும் குறைவு. ‘ஹலோ வேர்ல்ட்’ என்ற முதல் புரோகிராமை உலகம் முழுக்கப் பரப்பியதே இந்தப் புத்தகம்தான். முதல் புத்தகமாக எதை எடுப்பது என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். மெலிந்தது, வெட்டிப் பேச்சு கிடையாது, கடைசி அத்தியாயத்துக்குள் மெமரியை ஒதுக்கித் தரும் ஒரு சிறிய அலொகேட்டரையே எழுதிக் காட்டிவிடுகிறது.

பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ நன்றாக வரும், கணக்கில் பயமில்லை என்றால், ஏபல்சனும் சஸ்மனும் எழுதிய எஸ்ஐசிபி (‘ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்’). அமெரிக்காவின் எம்ஐடி முதலாண்டு மாணவர்களுக்காக 1985-இல் வந்தது. ஸ்கீம் என்ற மொழியில் இருக்கிறது. 2022-இல் ஜாவாஸ்கிரிப்ட் வடிவமும் வந்துவிட்டது. இது புரோகிராமைப் பற்றிய உங்கள் நினைப்பையே புரட்டிப் போடும். முதல் நான்கு வாரம் கொஞ்சம் தலை சுற்றும்.

கோர்மென் புத்தகம் என்று எல்லாரும் சொல்லும் ‘இன்ட்ரடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்’ வேறு ரகம். 1,200 பக்கத்துக்கு மேல். இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சார்ட்டிங், ஹேஷ் டேபிள், கிராஃப், டைனமிக் புரோகிராமிங் என்று தேவைப்படும் அத்தியாயத்தை மட்டும் எடுக்க வேண்டிய புத்தகம் அது. கணிதத் தொகுத்தறிதல் பழகாதவர்கள் பின்னால் கொடுத்திருக்கும் கணிதப் பின்னிணைப்பை முதலில் பார்ப்பது நல்லது.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நம் ஊரில் கால்வின் என்று அழைக்கப்படும் டைனோசர் அட்டைப் புத்தகம் இருக்கிறது. தனன்பாம் எழுதியது எனக்கு இன்னும் பிடிக்கும். 1987-இல் மினிக்ஸ் என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தையே எழுதி, அதன் மூல நிரலையும் சேர்த்துப் பாடமாகக் கொடுத்தார். ஃபின்லாந்தில் அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு மாணவர்தான் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார்.

3. எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயம்

பழைய புத்தகத்தில் எல்லாமே பொன் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எது நிற்கிறது, எது உதிர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

கெர்னிஹான்–ரிச்சியில் 1988-இன் இரண்டாம் பதிப்பு மட்டும் வாங்குங்கள். 1978 பதிப்பில் ஃபங்ஷன் எழுதும் முறையே வேறு. இன்றைய கம்பைலர் முணுமுணுக்கும். கோர்மெனில் 2009-இன் மூன்றாம் பதிப்போ 2022-இன் நான்காம் பதிப்போ, உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விலை குறைவாக எது கிடைக்கிறதோ அதுவே போதும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகத்தில் பிராசஸ், ஷெட்யூலிங், டெட்லாக், விர்ச்சுவல் மெமரி ஆகியவை அசையாதவை. பேஜ் ரீப்ளேஸ்மென்டில் வரும், அதிக நேரமாகத் தொடாததை முதலில் வெளியேற்றும் எல்ஆர்யூ முறையை இன்றைக்கு வெப்சைட் கேஷுக்குப் பயன்படும் ரெடிஸ் உட்பட எங்கும் பார்க்கலாம். ரெடிஸ் அதைத் தோராயமாகச் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் டிஸ்க் ஷெட்யூலிங் அத்தியாயத்தில் ரீடர் தலை இங்கும் அங்கும் ஓடுவதைக் குறைக்க எத்தனையோ கணக்கு வரும். எஸ்எஸ்டியில் ஓடுவதற்குத் தலையே கிடையாது. பரீட்சையில் கேட்பார்கள் என்பதற்காகப் போட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள்.

நெட்வொர்க் புத்தகத்தில் டோக்கன் ரிங், ஏடிஎம் என்ற பழைய நெட்வொர்க் முறைகளின் பக்கங்களைத் தாராளமாகத் தாண்டலாம். ஸ்லைடிங் விண்டோவைத் தாண்டக் கூடாது. ரூட்டிங்கில் வரும், மிகக் குறுகிய வழியைக் காணும் டைக்ஸ்ட்ராவின் 1959 அல்காரிதம் இன்றைய ரவுட்டர்களிலும் ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பைலருக்கு டிராகன் புக். ஆஹோ, சேத்தி, உல்மன் மூவரும் எழுதி 1986-இல் வந்த சிவப்பு டிராகன். அப்புறம் 2006-இல் ஊதா டிராகன். இதில் நிரலை இலக்கணப்படி பிரித்தறிவதற்கான (பார்சிங்) எல்ஆர் டேபிள் போட்டே நம் மாணவர்கள் பாதி உயிரை விடுகிறார்கள். இன்றைய கம்பைலர்களான ஜிசிசியும் கிளாங்கும் சி மொழியைப் பார்ஸ் செய்ய அந்த டேபிளைப் பயன்படுத்துவதில்லை. கையால் எழுதிய ரிகர்சிவ் டிசென்ட் பார்சர்தான். அதனால் டேபிள் ஒன்றிரண்டு போட்டுப் பழகியபின், சவத்தை விடுங்கள். கோடு ஆப்டிமைசேஷன் பகுதிக்குப் போங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

4. புத்தகம் எங்கே கிடைக்கும்

உங்கள் கல்லூரி நூலகத்தின் ரெஃபரன்ஸ் பிரிவில் தொடங்குங்கள். வீட்டுக்குத் தரமாட்டார்கள், பரவாயில்லை, அங்கேயே உட்கார்ந்து ஒரு அத்தியாயம் படித்துப் பார்த்து, ஒத்துவந்தால் வாங்குங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரிகளில் பிசிஏ, பிஎஸ்சி படிப்பவர்கள் தங்கள் நூலகத்தில் இல்லை என்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வாங்குவதாக இருந்தால் இந்தியாவுக்கென்று அச்சிடும் மலிவுப் பதிப்பு பல புத்தகங்களுக்கு உண்டு. அதைவிட மலிவு, இறுதியாண்டு சீனியர். ஹாஸ்டலைக் காலி செய்யும் வாரத்தில் போய், “அண்ணே, அந்த ஃபாரின் ஆத்தர் புக்க என்ன செய்யப் போறிய?” என்று கேட்டால் பாதி விலைக்கோ சும்மாவோ வந்துவிடும். பெரும்பாலும் மடிப்புக் கலையாத புத்தகமாகத்தான் இருக்கும்.

காசே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. எஸ்ஐசிபியை ஆசிரியர்களும் பதிப்பகமும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஏபல்சனும் சஸ்மனும் 1986-இல் எடுத்த வகுப்புகளின் வீடியோவும் எம்ஐடி தளத்தில் கிடைக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ‘த்ரீ ஈசி பீசஸ்’ என்ற புத்தகத்தை அதன் ஆசிரியர்களே அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்; கால்வின் இல்லாதவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

5. தமிழ்வழியில் வந்தவர்களுக்கு

அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள் முதல் பக்க ஆங்கிலத்தைப் பார்த்தே மிரண்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் 11, 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகங்கள் தமிழில் இருக்கின்றன, இணையத்திலும் இலவசம். 2018-க்குப் பிறகு வந்த புத்தகங்களைச் சொல்கிறேன். 11-ஆம் வகுப்பில் லூப் இன்வேரியன்ட் வருகிறது (அது என்ன என்பது 6-ஆம் படியில்). 12-ஆம் வகுப்பில் டேட்டா அப்ஸ்ட்ராக்‌ஷனை கன்ஸ்ட்ரக்டர் (தகவலைக் கட்டுவது), செலக்டர் (அதிலிருந்து எடுப்பது) என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். எஸ்ஐசிபியின் இரண்டாம் அத்தியாயம் நடக்கும் பாதையும் அதுதான். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து தாண்டிவிட்டோம் என்பது வேறு விஷயம். அந்தப் பாடத்தைத் தமிழில் ஒரு முறை நிதானமாகப் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் மொழி பாதி வழிவிட்டுவிடும்.

இன்னொன்று, கணினிப் புத்தகத்தின் ஆங்கிலம் கதைப் புத்தகத்தின் ஆங்கிலத்தைவிடச் சுலபம். ஒரே சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு அத்தியாயத்துக்கு நோட்டில் சொல்லும் பொருளும் எழுதுங்கள். அதற்குப் பிறகு அந்த நோட்டுக்கு வேலை குறைந்துவிடும்.

6. ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது

இந்தப் படிதான் முக்கியம். கதை படிப்பதுபோல் கண்ணால் ஓட்டினால் ஒன்றும் ஒட்டாது. வெள்ளைத்தாள், பேனா, பக்கத்தில் கம்ப்யூட்டர் மூன்றும் வேண்டும்.

கெர்னிஹான்–ரிச்சியின் மூன்றாம் அத்தியாயத்தில், வரிசையாக அடுக்கிய எண்களைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் வருகிறது. இருபது வரி தாண்டாத புரோகிராம். முதலில் அதைப் பார்க்காமல் தாளில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். 3, 8, 14, 21, 27, 35, 42, 50 என்று எட்டு எண்கள். இடம் 0 முதல் 7 வரை. 42-ஐத் தேட வேண்டும். தாளில் இடது, வலது, நடு என்று மூன்று பத்தி போடுங்கள்.

இடது 0, வலது 7, நடு 3. அங்கே 21. சிறியது, ஆகவே இடது 4 ஆகிறது. இப்போது நடு 5, அங்கே 35. இடது 6 ஆகிறது. நடு 6, அங்கே 42. மூன்றே அடியில் கிடைத்துவிட்டது.

சரி, இல்லாத எண்ணான 43-ஐத் தேடுங்கள். மூன்றாவது அடியில் 42-இல் நிற்கிறீர்கள், இடது 7 ஆகிறது. நடுவும் 7, அங்கே 50. பெரியது, ஆகவே வலது 6 ஆகிறது. இடது வலதைத் தாண்டிவிட்டது, லூப் முடிகிறது. இப்போது இடதை ‘நடு கூட்டல் 1’ என்று மாற்றாமல் ‘நடு’ என்றே வைத்தால் என்ன ஆகும் என்று அதே தாளில் போடுங்கள். இடது 6, வலது 7, நடு 6. மறுபடியும் இடது 6, வலது 7, நடு 6. புரோகிராம் காலம் முழுக்க அங்கேயே சுற்றும். ‘தேடும் எண் இருந்தால் அது இடது முதல் வலது வரைக்குள்தான் இருக்கிறது’ என்ற வாக்கியம் ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாக இருக்க வேண்டும், சுற்றுக்குச் சுற்று இடைவெளியும் குறைய வேண்டும். முதல் பாதிதான் லூப் இன்வேரியன்ட். தாளில் போட்டவர்களுக்கு இது மறக்காது.

அதற்குப் பிறகு புத்தகத்தின் புரோகிராமைத் திறந்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். நடுவைக் கண்டுபிடிக்க இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுத்திருப்பார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஜாவாவின் சொந்த லைப்ரரியிலும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். 2006-இல் ஜோஷுவா பிளாக் என்பவர் அதில் பிழை இருப்பதை வெளியிட்டார். அதை எழுதியவரும் அவரே. 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. இடது 150 கோடி, வலது 160 கோடி என்றால் கூட்டல் 310 கோடி. எண் நிரம்பி வழிந்து எதிர்மறையாகிவிடும். 107 கோடிக்கும் அதிகமான உறுப்புகள் இருந்தால்தான் இந்தப் பிழை வெளியே வரும் என்பதால் பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. தீர்வு சின்னது: இடதோடு, ‘வலது கழித்தல் இடது’ என்பதன் பாதியைக் கூட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதே கெர்னிஹான்–ரிச்சியின் ஆறாம் அத்தியாயத்தில் பாயின்டரை வைத்துப் பைனரி சர்ச்சை மறுபடி எழுதும்போது இந்தத் தீர்வு அப்படியே இருக்கிறது. இரண்டு பாயின்டரைக் கூட்ட முடியாது, கழிக்க முடியும் என்ற வேறு காரணத்துக்காக எழுதியது. மூன்றாம் அத்தியாயத்தைத் தாளில் போட்டவருக்கு ஆறாம் அத்தியாயத்தின் அந்த வரி பளிச்சென்று தெரியும். கண்ணால் ஓட்டியவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். கனூத் சொல்லும் ஒரு தகவலும் உண்டு: பைனரி சர்ச் முதலில் வெளியானது 1946-இல்; எல்லா அளவுக்கும் சரியாக வேலை செய்யும் வடிவம் அச்சில் வந்தது 1960-இல்தான். இருபது வரிக்குள்ளேயே இந்தப் பாடு.

7. பயிற்சிகளைத் தாண்டாதீர்கள், எல்லாவற்றையும் போடவும் செய்யாதீர்கள்

கெர்னிஹான்–ரிச்சியில் பாதிச் சரக்கு பயிற்சிகளில்தான் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் 1-13 என்று ஒன்று: உள்ளே வரும் சொற்களின் நீளத்துக்கு ஹிஸ்டோகிராம் வரையச் சொல்கிறது. கோடுகளைப் படுக்கையாக வரைவது சுலபம், நிமிர்த்தி வரைவதுதான் வேலை. நிமிர்த்தியே வரையுங்கள். மத்தளம்பாறை ஜோஹோ என்றாலும் சென்னை, பெங்களூர் என்றாலும், வேலைத் தேர்வில் எதையும் பார்க்காமல் லாஜிக் எழுதச் சொல்லும் சுற்றுக்கு இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரியவில்லை.

கோர்மெனில் ஒவ்வொரு உட்பிரிவின் முடிவிலும் வரும் பயிற்சிகளில் முதல் இரண்டைப் போட்டால் போதும். அத்தியாயக் கடைசியில் வரும் பெரிய கணக்குகளைத் தொடாமல் விடலாம்.

கனூத் மட்டும் தன் கணக்குகளுக்குப் பூஜ்யம் முதல் 50 வரை மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார். 10 என்றால் எளிது, 20 என்றால் பதினைந்து இருபது நிமிடம், 30 என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், 50 என்றால் இதுவரை யாருக்கும் விடை தெரியாது. 50-க்கு உதாரணமாகப் பழைய பதிப்பில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை வைத்திருந்தார். 1990-களில் அது நிறுவப்பட்டதும் அடுத்த பதிப்பில் 45 என்று குறைத்துவிட்டார். 20 வரை உள்ளதைப் போடுங்கள்.

8. மாட்டிக்கொண்டால்

ஒரு பத்தி புரியவில்லை என்றால் மூன்று முறை படியுங்கள், தாளில் சின்ன உதாரணம் போடுங்கள். அப்படியும் வரவில்லையா, ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அடுத்த அத்தியாயம் தெளிவாக்கும், பலமுறை.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் நல்லது. ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் அது டீக்கடைப் பேச்சாகிவிடும். செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் போய்வரும் மாணவர்களுக்கு ரயில் நேரமே போதும்: போகும்போது படிப்பது, வரும்போது ஒருவர் மற்றவருக்குப் புத்தகத்தை மூடி வைத்துச் சொல்வது. சொல்லும்போது எங்கே திக்குகிறதோ அங்கேதான் புரியவில்லை.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் பயிற்சியின் விடையை அல்ல. ‘நான் எழுதிய இந்த லூப் எந்த உள்ளீட்டுக்குத் தவறும்’ என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலையும் தாளில் ஓட்டிப் பாருங்கள். அது எழுதித் தரும் பைனரி சர்ச்சில் கூட்டலும் பாதியும் எப்படி இருக்கிறது என்று சரிபார்க்க இப்போது உங்களுக்குத் தெரியும்.

9. அடுத்து என்ன

கெர்னிஹான்–ரிச்சிக்கு ஒரு செமஸ்டர். அதன்பின் தனன்பாம் அல்லது ‘த்ரீ ஈசி பீசஸ்’, அதற்கு இரண்டு செமஸ்டர். இதோடு கோர்மெனில் பத்து அத்தியாயம் சேர்ந்தால் கல்லூரிக் காலத்துக்கு அதுவே நிறைவு. எஸ்ஐசிபி வேலைக்குப் போனபிறகு படித்தாலும் ருசிக்கும்.

கனூத்தை அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாங்கினால், முதல் தொகுதியை விட்டுவிட்டு மூன்றாம் தொகுதியில், தேடலைப் பற்றிய பகுதியில் தொடங்குங்கள். அவர் புத்தகத்தில் பிழை கண்டு எழுதுபவர்களுக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பும் வழக்கம் வைத்திருந்தார். 256 என்பது பதினாறடிமானத்தில் 100. காசோலையின் படத்தை ஆட்கள் இணையத்தில் போட்டு, அதிலிருந்து கணக்கு எண்ணைத் திருடும் ஆபத்து வந்ததால், 2008-க்குப் பிறகு ஒரு கற்பனை வங்கியின் பெயரில் சான்றிதழாகத் தருகிறார். உங்களுக்கும் ஒரு பிழை கிடைத்தால் எழுதிப் போடுங்கள். அதற்கு முன் அவருடைய தளத்தில் இருக்கும் திருத்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் வேறு யாராவது முந்தியிருப்பார்கள்.